காலைச் செய்தியின் கடைசி வரி

"அவன்கிட்ட நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் கேக்கிறான்."

"என்னன்னும்மா சொல்ல?"

"அம்மா இனிமே எங்கயும் போகமாட்டா. அவ்வளவுதான். அதைச் சொல்லு."

"நெஜமாவே போகமாட்டியா?"

"இப்போதைக்குச் சொல்லி வைடி. அப்புறம் பாத்துக்கலாம்."

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஊரிலிருந்து திரும்பிய அம்மா கையிலிருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பன்னிரண்டு வயது அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நெற்றியை மேஜைக்காலில் தாளம் தப்பாமல் முட்டிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா எங்கயும் போகமாட்டா" என்றாள். முட்டுவது நின்றது.

அம்மா சொன்ன அந்த 'அப்புறம்' வந்து சேர இருபத்தைந்து வருஷம் பிடித்தது.

அண்ணனுக்கு ஆட்டிசம். மருத்துவர் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அம்மா அந்தச் சொல்லை ஒளித்து மறைத்துப் பேசியதில்லை. "நோவு நொடி ஒண்ணும் இல்லீங்க, அவன் அமைப்பே அப்படி" என்று வாசலில் நிற்பவர்களிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. தெரியாவிட்டால் வீடு இரண்டுபட்டுவிடும்.

அந்த வருஷம் சித்தியின் பிரசவம் சிக்கலாகிவிட்டது. தகவல் வந்த கையோடு அம்மா கிளம்பிப் போனாள். நாலே நாள். முதல் நாள் அண்ணன் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் தன் கையையே கடித்துக்கொண்டான். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் அடக்குகிற ஆள். பெற்ற பிள்ளை முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மூன்றாம் நாள் காலையில் இவள்தான் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து, யாரும் சொல்லித் தராமல், அடுத்தடுத்து நடக்கப் போவதை வரிசையாகச் சொன்னாள். இப்போ பல் தேய்ப்போம். மேலே, கீழே, பின்னாடி. அப்புறம் பால். அப்புறம் நீல சட்டை. அப்புறம் ஜன்னல். சொன்னது சொன்னபடி நடக்க நடக்க அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான். பால் குடித்தான். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

அன்று ஆரம்பித்ததுதான். தினமும் ஆறே முக்காலுக்கு அவள் அண்ணனுக்கு நாளைச் சொல்லியாக வேண்டும். கிழமையில் தொடங்கி, சாப்பாடு, வேலை, நாலு மணிக்கு மாடிப்படி ஏறி இறங்குவது, படுக்கும்போது அம்மா இரண்டு முறை சுவிட்சைப் போட்டு அணைப்பது வரை. கடைசியில் அந்த ஒரு வரி. அம்மா எங்கயும் போகமாட்டா. வேறு யார் சொன்னாலும் அவன் காதைப் பொத்திக்கொண்டான். அப்பா ஒரு தடவை, அவளுக்குக் காய்ச்சலாக இருந்தபோது, குரலை மெலிதாக்கிச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் அவர் வாயைக் கையால் மூடிவிட்டான்.

"நல்லவேளை, என் பாட்டுக் கச்சேரி இதோட முடிஞ்சுது" என்றார் அப்பா. அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்ததும் அவர்தான். "ரேடியோ பாட ஆரம்பிச்சாச்சு, நான் வண்டியை எடுக்கிறேன்" என்றுதான் தினமும் கிளம்புவார். அண்ணன் அவளைத் தங்கச்சி என்றோ பெயர் சொல்லியோ கூப்பிட்டதில்லை. அவன் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சொல்லு'. கதவருகே வந்து நின்று, "சொல்லு" என்பான். அதில் கட்டளையும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. மற்றவர்கள் வீட்டில் அக்கா என்றோ பாப்பா என்றோ கூப்பிடுகிற மாதிரிதான்.

அந்த வீட்டில் அவளுக்குக் குறை என்று எதுவும் வைக்கவில்லை. சட்டை, புத்தகம், செருப்பு எல்லாம் நேரத்துக்கு வந்தன. ஆனால் அம்மா மட்டும் எப்போதும் பாதிதான் கிடைத்தாள். பரிசளிப்பு விழாவுக்கு அப்பா வந்தார். பல் பிடுங்க அப்பா கூட்டிப் போனார். பதின்மூன்று வயதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மருத்துவ அறையில் படுத்திருந்தபோதும் வேனோடு வந்து நின்றவர் அப்பாதான். என்ன கேட்பது என்று தெரியாமல் ஒரு பெரிய பிஸ்கட் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்தார். அம்மா ஜன்னலில் நின்று கையாட்டுவாள். போகும்போதும் ஜன்னல், வரும்போதும் ஜன்னல்.

அம்மாவிடம் கேட்க ஒரு வாக்கியம் அவளிடம் இருந்தது. பெரிய வாக்கியம் ஒன்றுமில்லை. எனக்கு நீ வேணும்மா, என்கூட வா. குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வெளியே வந்ததும், "என்னடி, என்ன வேணும்?" என்று அம்மா கேட்பாள். அம்மாவின் கண் பாதி அண்ணன் பக்கம் இருக்கும். "ஒண்ணுமில்லம்மா" என்பாள். சொல்லிச் சொல்லி அதுவே பழகிவிட்டது. "என் பொண்ணு வாயைத் திறந்து ஒண்ணு கேட்டதில்ல" என்று அம்மா நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வாள். அப்படிச் சொல்லிவிட்ட பிறகு எங்கே கேட்பது?

தவிர, தினமும் காலையில் அம்மா எங்கயும் போகமாட்டா என்று சொல்வதே அவள் வாய்தான். அந்த வாயால் எப்படி வா என்பது?

அப்பா நெஞ்சுவலியில் படுத்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா பகலில் வந்து, மாத்திரைச் சீட்டைப் பார்த்து, தலையணையைச் சரிசெய்து, மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். நாலு மணிக்கு மாடிப்படி. கூடவே இருந்தது அவள். ஒரு விடிகாலையில் அப்பாவின் கை அவள் கைக்குள் இருக்கும்போதே கனத்தது. செவிலியர் வந்து பார்த்தார், நேரத்தை எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். மணி ஆறு நாற்பது. அம்மா அவள் முகத்தைப் பார்த்ததுமே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கதவருகே வந்து, "சொல்லு" என்றான்.

சொன்னாள். இன்னிக்கு வியாழன். பல். பால். நீல சட்டை. வீட்டுக்கு நிறைய பேர் வருவாங்க, நீ உள் அறையில இருக்கலாம். இன்னிக்கு அப்பா வரமாட்டார்.

"நாளைக்கு?"

"நாளைக்கும்."

அவன் இரண்டு விரலையும் மடக்கினான். அம்மா எங்கயும் போகமாட்டா என்று அவள் முடித்தாள். அழவேண்டும் என்று அவளுக்கே தோன்றியது, வந்திருந்த உறவெல்லாம் அதைத்தான் எதிர்பார்த்தது. வரவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அது திட்டா பாராட்டா என்று யோசித்தபடியே எல்லாருக்கும் தேநீர் கொடுத்தாள்.

அதெல்லாம் நடந்து ஆறு வருஷம். இப்போது அவளுக்கு முப்பத்துநாலு. லிஃப்ட் பழுது பார்க்கிறவனைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரின் மறுகோடியில் இருந்தாள். நாள் சொல்வது தொலைபேசிக்கு மாறியிருந்தது. அவள் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்த்தாள். மருத்துவர்கள் அனுப்பும் பிளாஸ்டர் ஈறுகளின் மேல் மெழுகைக் கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் கடித்துப் பொருந்துகிறதா என்று பார்க்கிற வேலை. எதிர் மேசையில் மெருகு போடுகிறவர் சும்மா இருக்கமாட்டார். "வாயில்லாப் பூச்சி ஊருக்கெல்லாம் வாய் கட்டிக் கொடுக்குது பாருங்கய்யா" என்பார். அவளும் சிரிப்பாள். சிரிக்கும்போது கையில் இருக்கும் பல் அசையாது. அவ்வளவு பழக்கம்.

கல்யாணமான மறுநாள் காலையில் அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனதைப் பார்த்துக் கணவன் மிரண்டுதான் போனான். பேசி முடித்து வந்ததும், "இது தினமும் உண்டா?" என்றான்.

"தினமும்."

"வானிலை அறிக்கையும் சேர்த்துப் போடு, எனக்கும் உபயோகப்படும்."

வாரம் தவறாமல் மாமியார் வீட்டுக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். அண்ணனுக்கு இப்போது ஒரு வேலை இருந்தது. அடுத்த தெரு பேக்கரிக்கு கேக் பெட்டி மடித்துக் கொடுப்பது. தட்டையாக வரும் அட்டைகளைக் கோட்டில் மடித்து, நாலு மூலையிலும் அட்டை நாக்கைச் சொருகி நிமிர்த்துவான். கணவனும் மடிப்பான். "பத்து பெட்டி போட்டேன், மச்சான் பத்தையும் பிரிச்சு மறுபடி மடிச்சாரு. ஆனா ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லல, தங்கமான மனுஷன்" என்பான்.

இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. முதல் முறை அம்மா பகலில் வந்து இரண்டு மணி நேரம் இருந்தாள். இரண்டாம் முறை அண்ணனுக்குச் சளி என்று வரவில்லை. அவள் "பரவாயில்லம்மா" என்றாள். பரவாயில்லை என்றுதான் தோன்றவும் செய்தது. தோன்றியதா, தோன்றாமலே சொன்னாளா என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

போன மாதம் மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கட்டிகள், ஒன்றல்ல, நிறைய. ரத்தப்போக்கு நிற்காது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் ஒரே வழி. "யோசிச்சு வேணா சொல்லுங்க" என்றார். அவள் கையிலிருந்த குடையின் பொத்தானைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். கணவன்தான் கேள்விகள் கேட்டான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, அவள் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். யாருக்கோ நடந்ததற்கு இவள் துணைக்கு வந்தவள் மாதிரி.

தேதி குறித்தாயிற்று. வரும் வாரத்துக்கு அடுத்த வாரம் செவ்வாய். ஆறு நாள் ஆஸ்பத்திரி, ஆறு வாரம் ஓய்வு.

"கூட யார் இருப்பாங்கன்னு அந்த நர்ஸம்மா கேட்டாங்க" என்றான் கணவன். "பெண்கள் வார்டு. ஆறு மணிக்கு மேல ஆம்பளை இருக்க முடியாதாம்."

"தனியா இருந்துக்குவேன்."

"இருந்துக்குவே. எனக்குத் தெரியும். உனக்கு யார் வேணும்?"

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டை நாலாக மடித்தாள்.

"அத்தையைக் கூப்பிடு. ஆறு நாளும் நான் மச்சான்கூட அங்கயே தங்கறேன், லீவு சொல்லிட்டேன். பால், நீல சட்டை, மாடிப்படி, எல்லாம் எனக்கு மனப்பாடம். வேணும்னா நான் கேக்கறேன்."

"வேணாம். நான் கேக்கறேன்."

"கேப்பியா?"

"கேப்பேன்."

"ரேடியோ, இந்த ஒரு விஷயத்துல எனக்கு உன்மேல நம்பிக்கை கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மட்டும் பேருந்து பிடித்து அம்மா வீட்டுக்குப் போனாள். முன்னறை முழுக்க பெட்டிகள், ஆள் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக. நடுவில் கிடைத்த இடத்தில் அண்ணன் தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தான். தலை முன்பக்கம் லேசாக நரைத்திருந்தது. அவள் வந்ததை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் காலை மடக்கி வழி விட்டான்.

அம்மா சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "வா, வா. என்ன சொல்லாம கொள்ளாம? மெலிஞ்சு போயிருக்கே. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அம்மா, எனக்கு ஆபரேஷன் பண்ணப் போறாங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பேக்கரிக்கு இத்தனை பெட்டி போயிற்று என்கிற மாதிரிக் குரலில். அம்மாவின் விரல் பூண்டில் நின்றது.

"மொத்தமாவா எடுக்கறாங்க?"

"மொத்தமா."

அம்மா எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். கழுவ அங்கே ஒன்றுமில்லை. சிறிது நேரம் தண்ணீர் ஓடியது. மூடினாள். "எந்தத் தேதி?" என்றாள், திரும்பாமலே.

"செவ்வாய். இந்தச் செவ்வாய் இல்ல, அடுத்தது."

"காலைல பத்து மணி வண்டிக்கு வந்துடறேன். அவனுக்குச் சாப்பாடு எடுத்து வச்சுட்டு, கீழ்வீட்டம்மாவை உக்காரச் சொல்லிட்டு. மூணு மணிக்குக் கிளம்பினா நாலுக்கு வந்துடலாம். தினமும் வர்றேன்."

இதுதான் இடம். வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள், "சரிம்மா" என்றாள்.

அம்மா மறுபடி உட்கார்ந்து பூண்டை எடுத்தாள். இரண்டு பல் உரித்தாள். பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "என்ன சரி?" என்றாள்.

"என்னம்மா?"

"எதுக்கெடுத்தாலும் சரி. வயித்தைக் கிழிக்கப் போறாங்க, கூட இரும்மான்னு ஒரு வார்த்தை வருதா உன் வாயில? அப்பா ஒன்பது நாள் கிடந்தாரு, அங்க நீ ஒரு நாள் இருன்னு சொன்னியா? ரெண்டு புள்ளை தங்காமப் போச்சு. அப்பவும் சரி, பரவால்ல. நான் என்னன்னு நெனைக்கிறது?"

"நீ எப்படிம்மா வருவே? அவன்..."

"அவன், அவன். அவன் தலையில போடாதே. தினமும் காலைல என்னை உள்ள வச்சுப் பூட்டறது யாரு? நீதானே? அம்மா எங்கயும் போகமாட்டா. இருபத்தஞ்சு வருஷமா ஒரு நாள் விடாம."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "நீதானேம்மா சொல்லச் சொன்னே."

"ஒரு வாரத்துக்குச் சொன்னேன்டி! பத்தே நாள்ல அவன் பழையபடி ஆயிட்டான். நான் குளிக்கப் போனா கதவுல வந்து நிக்கிறதையே விட்டுட்டான். சரி, இவ இன்னிக்கு அந்த வரியை விட்டுருவா, நாளைக்கு விட்டுருவான்னு பாத்தேன். நீ விட்டாத்தானே? சொல்லி முடிச்சதும் என் மூஞ்சியை ஒரு பார்வை பாப்பே பாரு, இவ போயிடுவாளோன்னு. பொண்ணு பயந்து கிடக்குது, இவளுக்குத்தான் அது வேண்டியிருக்குன்னு நான் விட்டுட்டேன்."

"எனக்கா?"

"பின்ன எனக்கா?"

அவள் சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள். அந்த நாட்களில் தான் அம்மாவைப் பார்த்த பார்வை அவளுக்கு ஞாபகம் இருந்தது. போதும், நிறுத்து என்று அம்மா சொல்வாளா என்று பார்த்த பார்வை. அம்மா சொன்னதில்லை. அம்மாவுக்கு அந்த வரி பிடித்திருக்கிறது, அண்ணனை விட்டு நகர அம்மாவுக்கே மனமில்லை என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். இவளுக்காக அம்மா வீட்டோடு கிடந்தாள். அம்மாவுக்காக இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இடையில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

கோபம் வர வேண்டிய இடம். இல்லாவிட்டால் அழுகை. அவள் காத்துப் பார்த்தாள். பூண்டு வாசனைதான் வந்தது.

"நான் சின்னப் பொண்ணும்மா அப்போ" என்றாள்.

"தெரியும்." அம்மா முறத்தைப் பார்த்தபடி சொன்னாள். "நான் கேட்டிருக்கணும். அவன் பின்னாடி ஓடற ஓட்டத்துல எதைக் கேட்டேன்? உனக்கு ஒண்ணும் இல்லைன்னா எனக்கு நிம்மதி. அதனால ஒண்ணும் இல்லைன்னே வச்சுக்கிட்டேன்."

"அவனுக்கு அந்த வரி இப்ப வேணுமா, வேணாமா?"

"யாருக்குத் தெரியும்? தினமும் கேட்டுட்டான். கேட்டதை மாத்தினா தாங்குவானா? அவன் தாங்குவான்னா ஆறு நாள் என்ன, அறுபது நாள் வர்றேன். மாப்பிள்ளை இங்க தங்கிக்கறேன்னு சொல்லி எனக்கு நேத்தே போன் பண்ணிட்டாரு. என்ன ஆபரேஷன், என்னிக்குன்னு சொல்லல, அதை நீயே சொல்லணும்னாரு. நீ கேக்கமாட்டேன்னும் சொன்னாரு." அம்மா புறங்கையால் மூக்கைத் தேய்த்தாள். "பூண்டு உரிச்ச கை, கண்ணைத் துடைக்கக்கூட வழியில்ல. போ, அவன்கிட்டப் பேசு. நான் சொன்னா காதைப் பொத்திக்குவான்."

அவள் முன்னறைக்கு வந்து, அண்ணனுக்கு எதிரில் கிடைத்த இடத்தில் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்தாள். அவன் ஒரு அட்டையை எடுத்தான், கோட்டில் நகத்தை ஓட்டினான்.

"அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை..." என்று தொடங்கினாள்.

அவன் கையை உயர்த்தினான். "காலைல."

"இல்லண்ணா, இது கொஞ்சம்..."

"காலைல. சொல்லு காலைல."

சரிதான். நாள் சொல்வது ஆறே முக்காலுக்கு. இப்போது மணி மூன்று. மூன்று மணிக்குச் சொல்லப்படுகிற எதுவும் அவனைப் பொறுத்தவரை எந்த நாளிலும் சேராது. நாளைக் காலையில் தொலைபேசியில் சொல்லிவிடலாம். கிழமை, பால், நீல சட்டை, அம்மா ஆறு நாள் இருக்கமாட்டா. சொன்னால் அவன் விரலை மடக்குவான். அல்லது மேஜைக்கு அடியில் போவான். அந்த நேரத்தில் அவள் ஊரின் மறுகோடியில் கையில் தொலைபேசியோடு நிற்பாள்.

வாசல் மணி இரண்டு முறை அடித்தது. பேக்கரிக்காரம்மா. கையில் பெரிய சாக்குப் பையோடு நுழைந்தவர், அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பெட்டி அடுக்குக்கு முன்னால் நின்றார். எடுக்கவில்லை.

"தம்பி, எடுத்துக்கட்டுமா?"

அண்ணன் எழுந்தான். மேலே இருந்த பெட்டியை எடுத்து நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அடுத்ததை. அதற்கடுத்ததை. மூன்றாவதில் ஒரு நாக்கு சரியாக இல்லை போலிருக்கிறது, அதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டான். மிச்சத்தைப் பேக்கரிக்காரம்மாவின் பக்கம் இரண்டு கையாலும் தள்ளினான்.

"அவர் வச்சுக்கிட்டா வச்சுக்கிட்டதுதான்" என்றார் அந்த அம்மா பையில் அடுக்கியபடி. "ஒரு தடவை அவசரத்துல கேக்காம எடுத்துட்டேன், அம்மாடி, கத்தின கத்துல தெருவே கூடிப்போச்சு. கேட்டா மட்டும் பத்தரமாத்துத் தங்கம். என் வீட்டு ஆம்பளைங்களும் இருக்காங்களே, கேட்டாலும் இல்ல, கேக்காட்டியும் இல்ல." சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அண்ணன் திரும்ப வந்து உட்கார்ந்து, அந்த ஒற்றைப் பெட்டியைப் பிரித்தான்.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசிக்கிறதா, குளிர்கிறதா, வலிக்கிறதா என்று நாள் பூராவும் அவனைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் அந்த வீட்டில். எனக்கு ஒன்று கொடுப்பாயா என்று யாரும் கேட்டதில்லை. அவனிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அவளும்தான். அவனிடம்தான் அம்மா இருந்தாள்.

அவன் அட்டையைத் தட்டையாக்கிக் கோட்டைத் தேடினான். வேகம் இல்லை. சமையலறையில் முறத்தின் சத்தம் கேட்கவில்லை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாய் உலர்ந்து, உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. இன்னொருவர் வாயை மாட்டிக்கொண்டு பேசப் போகிற மாதிரி இருந்தது.

"அண்ணா, நான் உனக்கு எதுவும் சொல்ல வரல" என்றாள்.

அவன் விரல் கோட்டில் நின்றது.

"எனக்கு உடம்பு சரியில்ல. ஆறு நாள் ஆஸ்பத்திரில இருக்கணும். தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு." பயம் என்று சொன்ன பிறகுதான் அது பயம் என்று அவளுக்கே தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. "அந்த ஆறு நாளும் எனக்கு அம்மா வேணும். நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"